கடைசியாக நுழைந்த நீலக் கார்

ஹார்ட்மூட்டின் நீலக் காருக்கு வருடத்தில் ஏழு மாதம்தான் உயிர். அதன் நம்பர் பிளேட்டின் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சின்ன எண்கள் இருக்கும். மேலே 04, கீழே 10. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசி தேதி வரை அது சாலையில் போகலாம் என்று அர்த்தம். வரியும் காப்பீடும் அந்த ஏழு மாதத்துக்கு மட்டும்தான். நவம்பர் பிறந்துவிட்டால் ஓட்டுவது இருக்கட்டும், தெருவோரம் சும்மா நிறுத்திவைத்தாலே அபராதம்.

இன்று அக்டோபர் முப்பத்தொன்று.

காரைத் தூங்கவைக்கும் வேலைகளை அவர் மூன்று வாரத்துக்கு முன்பே முடித்துவிட்டார். எண்ணெயை மாற்றியாயிற்று, ஏனென்றால் பழைய எண்ணெயில் கலந்திருக்கும் அமிலம் ஐந்து மாதம் சும்மா உட்கார்ந்து பேரிங்கை அரிக்கும். பெட்ரோல் டேங்க் விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. காலி இடம் இருந்தால் அங்கே காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், ஈரம் தகரத்தில் வியர்த்துத் துருவாகும். டயர்களில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு காற்று. இல்லாவிட்டால் ஒரே பக்கம் படுத்துக் கிடந்த நோயாளிக்குப் புண் வருவதுபோல டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். இதையெல்லாம் யாராவது கேட்டால் அவர் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"நீ அந்தக் காருக்குப் பாடின தாலாட்டுல பாதி எனக்குப் பாடியிருந்தா நான் முப்பது வருஷமா நல்லாத் தூங்கியிருப்பேன்" என்றாள் மனைவி கெர்லிண்ட, காலை காபியைக் கலக்கியபடி.

"டேங்க்ல காலி இடம் இருந்தா..."

"வியர்க்கும். தெரியும். இன்னிக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு."

"கடைசி ஆளா உள்ள நுழையணும்."

"நுழைஞ்சா?"

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி முதல் ஆளா வெளியே வருவேன். ரெண்டாந்தேதி காலைல நாம ரெண்டு பேரும் கிளம்பறோம். மூணாந்தேதி உன் அறுபதாவது பிறந்தநாளுக்கு இத்தாலில கார்டா ஏரிக்கரைல இருப்போம். கூரையத் திறந்துவிட்டு."

"இல்லன்னா?"

ஹார்ட்மூட் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தார். கெர்லிண்ட கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். பழைய கார் விற்கும் தளத்தில் விளம்பரம் எழுதித் தயாராக இருந்தது. நீலக் காரின் படம், வருடம் 1971, 'முப்பது வருடம் ஒரே ஆள் கையில் இருந்தது, அளவுக்கு மீறிப் பராமரிக்கப்பட்டது.' பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. போன வருடமும் இதே ஏரி, இதே திட்டம். கார் மட்டும் மே பதினொன்றாம் தேதி வரை வெளியே வரவில்லை. முடிவில் அன்றாடம் ஓட்டும் டீசல் வண்டியில்தான் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினார்கள். கெர்லிண்ட தலையில் பட்டு ஸ்கார்ஃபும் கறுப்புக் கண்ணாடியுமாக, நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு, இத்தாலி எல்லை வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். பிறகு ஒரு வாரம் காதுவலி.

கார் ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஆல்பிரெக்ட்டின் கொட்டகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் ஆல்பிரெக்ட், மாடுகளுக்குப் புதுக் கொட்டகை கட்டிய பிறகு பழையதைக் கார்களுக்கு விட்டிருந்தார். நடுவில் ஒரு நீளமான நடைபாதை. முன்பு தீவனவண்டி போனது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் தொட்டிகள். பாதையின் அகலம் ஒரு காருக்குக் கச்சிதமாகப் போதும், இரண்டுக்குப் போதாது. அதனால் ஐந்து கார்களும் ரயில்பெட்டிபோல ஒன்றின்முன் ஒன்றாகத்தான் நிற்க முடியும். காய்ந்த தரை, ஒழுகாத கூரை, உறைந்துபோகாத அளவுக்குக் கதகதப்பு. பழைய காருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் போகவர முன்கதவு ஒன்றுதான். முதலில் நுழைந்தவன் கடைசியில்தான் வெளியே வருவான்.

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த ஹார்ட்மூட்டுக்கு இது தெரியாமலா இருக்கும்? லிஃப்டிலும் இதே கதைதான். மரியாதையாக முதலில் ஏறுகிறவர் பின்சுவரில் ஒட்டி நிற்பார், தரைத்தளம் வந்ததும் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். தெரிந்திருந்தும் போன வருடம் அக்டோபர் மூன்றாம் தேதியே முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். வேலையைச் சீக்கிரம் முடிக்கிற பழக்கம் அவரைக் கவிழ்த்துவிட்டது. அவருக்கு முன்னால் பல் டாக்டர் வோல்ஃப்ராமின் மஞ்சள் கார் நின்றது. வோல்ஃப்ராம் பனிச்சறுக்கில் தோளை உடைத்துக்கொண்டு ஆஸ்திரியாவில் கிடந்தான். சாவி அவன் பையில். 'என் காரை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது' என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து செய்தி அனுப்பினான்.

இந்த வருடம் பாடம் படித்தது ஹார்ட்மூட் மட்டுமல்ல என்பதுதான் சிக்கல். அக்டோபர் பிறந்தது, நடுவுக்கு வந்தது, இலையெல்லாம் கொட்டியது. ஒருவரும் காரைக் கொட்டகைக்குக் கொண்டுபோகவில்லை. ஐவருக்கும் பொதுவாக இருந்த வாட்ஸப் குழுவில் நாகரிகம் பொங்கி வழிந்தது.

'கார்புரேட்டர் கொஞ்சம் தும்முது, சரி பண்ணிட்டு வர்றேன், மத்தவங்க போங்க' என்று பேக்கரிக்காரர் யோர்க் எழுதினார்.

'கடவுள் குடுத்த வெயில வீணாக்கக் கூடாது, நான் இன்னும் ரெண்டு நாள் ஓட்டறேன்' என்றார் ஊர்த் திருச்சபையின் பாதிரியார். அன்று மழை பெய்துகொண்டிருந்தது.

'எனக்கு அவசரமே இல்ல' என்றான் வோல்ஃப்ராம்.

'எனக்கும்தான்' என்று எழுதிய ஹார்ட்மூட், அதன் கீழே டயர் காற்றழுத்தம் பற்றிப் பதினாலு வரி சேர்த்தார்.

ஐந்தாவது ஆளான ரோஸ்விதா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் அவர் எழுதியது மொத்தமே ஒரு வரி, அதுவும் எலித்தொல்லைக்கு எந்தப் பொறி நல்லது என்ற கேள்வி.

கடைசியில் ஆல்பிரெக்ட்டே எழுதினார்: 'முப்பத்தொண்ணாந்தேதி ரெண்டு மணிக்குக் கதவத் திறப்பேன். நாலு மணிக்குச் சாத்துவேன். என் மாடுங்களுக்கு மணி பார்க்கத் தெரியும், உங்கள மாதிரி இல்ல.'

ஹார்ட்மூட் இரண்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தபோது பண்ணை முற்றத்தில் மூன்று கார்கள் ஏற்கெனவே நின்றன. திறந்த கொட்டகை வாசலைச் சுற்றி அரைவட்டமாக, மூக்கை நீட்டியபடி, எல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு. இழுவைக் கதவு முழுக்க ஒதுங்கிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆல்பிரெக்ட் கைகளைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்க ஹார்ட்மூட்" என்றார் பாதிரியார் முகமலர்ச்சியோடு. "உங்களுக்காகத்தான் வழி விட்டு நிக்கிறோம்."

"ஐயோ, உங்களுக்கு முன்னால நானா? ஆறு மணிக்கு ஆராதனை இருக்கே உங்களுக்கு. நீங்க போங்க."

"யோர்க் போகட்டும். விடிகாலை ரெண்டு மணிக்கு எழுந்து மாவு பிசையற மனுஷன்."

"நானா?" யோர்க் கொட்டாவியை விழுங்கினார். "டாக்டர் போகட்டும். அவருக்கு நோயாளிங்க காத்திருப்பாங்க."

"என் நோயாளிங்க காத்திருந்து பழகினவங்க" என்றான் வோல்ஃப்ராம். ஹார்ட்மூட்டோடு ஒரே வகுப்பில் படித்தவன். அப்போதும் தேர்வுத்தாளைக் கடைசியாகத்தான் கொடுப்பான். "ஹார்ட்மூட்டு, நீதான் எப்பவும் முதல் ஆளு. பழக்கத்த விடாதடா."

"கெட்ட பழக்கத்த விடுன்னுதான் டாக்டர் சொல்லணும், நீ விடாதன்னு சொல்றியே."

ஆல்பிரெக்ட் வானத்தைப் பார்த்தார். இரண்டரை மணி.

அப்போதுதான் ரோஸ்விதாவின் பச்சைக் கார் முற்றத்துக்குள் வந்தது. நிற்கவில்லை. நால்வருக்கும் தலையசைத்துவிட்டு நேராக வாசலுக்குள் நுழைந்து, தொட்டிகளுக்கு நடுவே ஊர்ந்து, இருட்டில் கடைக்கோடி வரை போய் நின்றது. விளக்கு அணைந்தது.

நால்வரும் நெஞ்சு நெகிழ்ந்து போனார்கள்.

"இதுதான் தியாகம்" என்றார் பாதிரியார். "இன்னிக்குப் பிரசங்கத்துல இதச் சொல்லப்போறேன்."

ஹார்ட்மூட்டுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. எல்லோரும் பின்பக்கமாகத்தான் உள்ளே போவார்கள். அப்போதுதான் ஏப்ரலில் சாவியைத் திருகினால் மூக்கு வாசலைப் பார்க்கும். ரோஸ்விதா மூக்கை உள்ளே நீட்டி நிறுத்திவிட்டார். பாவம், யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. ஹார்ட்மூட் தொட்டியை ஒட்டி நடந்து உள்ளே போனார்.

"ரோஸ்விதா, தப்பா நினைக்காதீங்க. நீங்க திருப்பி நிறுத்தியிருக்கீங்க. முப்பது மீட்டர் ரிவர்ஸ்ல வரணும். பழைய கியர்பெட்டில ரிவர்ஸ் பல்சக்கரம் நேர்ப்பல் வெட்டினது, அதிகநேரம் ஓட்டினா கூவும்..."

"பரவாயில்ல ஹார்ட்மூட்" என்றார் ரோஸ்விதா, சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகியபடி. "எனக்கு இப்படி இருந்தாத்தான் வசதி."

"ஹேண்ட்பிரேக் போட்டுடாதீங்க. டிரம்ல ஒட்டிக்கும்."

"போடல."

"நல்லது. நாங்க எல்லாரும் உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்."

"அப்படியா? சந்தோஷம்" என்று ரோஸ்விதா சிரித்தார்.

மூன்று மணிக்கு யோர்க் நின்றபடியே தூங்க ஆரம்பித்தார். முற்றத்து மரத்தில் சாய்ந்தவர் திடுக்கிட்டு விழித்து, "போதும்பா, எனக்குக் காரைவிடத் தூக்கம் முக்கியம்" என்று பின்பக்கமாகக் காரைச் செலுத்தி ரோஸ்விதாவுக்கு அடுத்து நிறுத்தினார். போர்வையைப் போர்த்தினார், சாவியைப் பாக்கெட்டில் போட்டார், வந்து அழைத்துப்போக நின்ற மகளின் வண்டியில் ஏறியதும் வாய் திறந்தபடி தூங்கிவிட்டார். மூன்றேகாலுக்குப் பாதிரியாரின் கைபேசி அடித்தது. ஆர்கன் வாசிப்பவருக்குக் காய்ச்சலாம். பாதிரியார் வாய்க்குள் ஏதோ சொன்னார், அது ஜெபம்போல ஒலிக்கவில்லை. சிவப்புக் காரை மூன்றாவதாகத் தள்ளி நிறுத்திவிட்டுப் பண்ணைச் சைக்கிளைக் கடன் வாங்கிக்கொண்டு பறந்தார்.

மிச்சம் இருவர்.

"உனக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியலன்னா நான் வேணா சொல்லித்தரட்டா?" என்றான் வோல்ஃப்ராம்.

"என் கார் மக்கர் பண்ணுதுடா."

"நடிக்காத."

"நீயே பாரு."

ஹார்ட்மூட் சாவியைத் திருகினார். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினார். அதே கதை.

இதை அவர் அன்று காலையிலேயே யோசித்து வைத்திருந்தார். எஞ்சின் உயிரோடு இருக்க மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. காற்றை நிறுத்தினால் வெளியே தெரியும். பெட்ரோலை நிறுத்தினால் குழாயில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடிவிடும். பொறிதான் சுலபம். இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவே போகும் தடித்த கம்பிதான் பொறியைக் கொண்டுபோகிறது. அதை ஒரு விரல்கடை மேலே தூக்கிவிட்டால் போதும், பார்த்தால் மாட்டியபடியே இருக்கும், நெருப்பு மட்டும் போய்ச்சேராது. எண்ணெய் அளவு பார்க்கிற சாக்கில் வந்தவுடனே அதைச் செய்திருந்தார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். ஏன் ஆகவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

"ஓடற வண்டி முதல்ல போகட்டும்" என்றார் ஆல்பிரெக்ட், கடிகாரத்தைப் பார்த்து. "ஓடாதத நான் டிராக்டரால தள்ளிக்கிறேன். மூணே முக்கால். டாக்டர், எடுங்க."

"இவன் ஏமாத்தறான் ஆல்பிரெக்ட்!"

"இருக்கலாம். எடுக்கறீங்களா, இல்ல நாலு மணிக்கு ரெண்டு பேரையும் ரோட்டுல விடட்டா? நாளைக்குப் போலீஸ் வந்து உங்க பிளேட்ட ரசிக்கும்."

வோல்ஃப்ராம் காரில் ஏறிய வேகத்தில் கதவு அதிர்ந்தது. மஞ்சள் கார் உறுமிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே போனது. அதன் விளக்கு அணைந்த மறுகணம் ஹார்ட்மூட் பானெட்டைத் திறந்தார், விரலால் ஒரு அழுத்து. சாவியைத் திருகியதும் நீலக் கார் முதல் சுற்றிலேயே பாடத் தொடங்கியது.

"அற்புதம் நடந்திருக்கு" என்று உள்ளேயிருந்து வோல்ஃப்ராமின் குரல் கேட்டது. "பாதிரியாரக் கூப்பிடுங்கடா."

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீலக் கார் ஐந்தாவதாக, கடைசியாக, வாசல்படியை மூக்கு தொடுகிறமாதிரி நின்றது. ஹார்ட்மூட் நிதானமாக எல்லாம் செய்தார். கட்டையை வைத்தார். கியரில் போட்டார். பேட்டரியைக் கழற்றினார், முதலில் நெகட்டிவ், பிறகுதான் பாசிட்டிவ். பருத்திப் போர்வையைப் போர்த்தினார். பிளாஸ்டிக் கூடாது, மூச்சு முட்டும். பேட்டரியைக் குழந்தைபோல் இடுப்பில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

ஆல்பிரெக்ட் கதவைப் பிடித்து இழுத்தார். இரண்டு மணியிலிருந்து சுவரோடு ஒதுங்கிக் கிடந்த அந்தப் பெரிய மரக்கதவு உருண்டு வந்து வாசலை மூடியது. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு காகிதம் குத்தியிருந்தது. மழையில் கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

'மார்ச் முதல் ஜூன் வரை பண்ணையின் முன்சாலை வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பதிப்பதற்காகத் தோண்டப்படும். இந்தக் கதவு வழியாக வண்டி வர முடியாது. பின்கதவை மறைத்திருந்த வைக்கோலை எடுத்துவிட்டேன். வசந்தத்தில் எல்லாக் கார்களும் பின்வழியாக, வயல்பாதையில் வெளியேறும். ஆல்பிரெக்ட்.'

ஹார்ட்மூட் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தார்.

"இது எப்ப ஒட்டினது?"

"ரெண்டு வாரம் ஆச்சு" என்றார் ஆல்பிரெக்ட். "யாராவது ஒருத்தர் முன்னாடியே வந்து எட்டிப் பாத்திருந்தாக் கூடத் தெரிஞ்சிருக்கும். எல்லாரும் வீட்டுல உக்காந்து மத்தவன் போகட்டும்னு இருந்தீங்க."

"குழுவுல எழுதியிருக்கலாமே!"

"நான் எழுதறதுக்குள்ள டயர் காத்தப் பத்திப் பதினாலு வரி வந்து மேல தள்ளிடுதே."

இன்னும் போகாமல் முற்றத்தில் நின்ற ரோஸ்விதாவை ஹார்ட்மூட் மெதுவாகப் பார்த்தார். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போன ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்கு வாங்க வந்தேன்" என்றார். "கதவு சாத்தியிருந்தது. படிச்சேன். நூலகத்துல இருந்தவ பாருங்க, ஒட்டியிருந்தாப் படிப்பேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க நாலு பேரும் அவ்வளவு மரியாதையா வழி விட்டீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

வோல்ஃப்ராம் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ரோஸ்விதா, யோர்க், பாதிரியார், தான், பிறகு ஹார்ட்மூட். எண்ணி முடித்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"அப்போ நீ என் பின்னாலதான் வரணும்!" என்றான். "ஈஸ்டர் முழுக்க நான் பனிச்சறுக்குல இருப்பேன்டா. ஏப்ரல் கடைசில திரும்பறேன். தோள் உடையலன்னா."

"எல்லாத்தையும் வெளியே எடுத்துத் திருப்பி வைப்போம். அரைமணி நேரம்தான்."

"யோர்க்கோட சாவி யோர்க் பாக்கெட்டுல, யோர்க் கனவுல" என்றார் ஆல்பிரெக்ட். "பாதிரியார் தேவாலயத்துல. எனக்குப் பால் கறக்கணும்." அவர் புதுக் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார். அங்கிருந்து மாடுகள் உண்மையிலேயே கத்தத் தொடங்கியிருந்தன.

ஹார்ட்மூட்டின் பாக்கெட்டில் கைபேசி அடித்தது. பேட்டரியைத் தரையில் வைத்துவிட்டு எடுத்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் கெர்லிண்ட. "கடைசி ஆளா நுழைஞ்சியா?"

"கடைசி ஆளாத்தான் நுழைஞ்சேன்."

"அப்பாடா! அப்போ முதல்ல வெளியே வருவோம்."

அவர் விளக்கத் தொடங்கினார். முன்கதவிலிருந்து ஆரம்பித்தார். தீவனப் பாதை இரண்டு பக்கமும் திறப்பது ஏன் என்றார், தீவனவண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போவதற்காக. வெந்நீர்க் குழாயை எவ்வளவு ஆழத்தில் பதிப்பார்கள் என்றும் சொன்னார், உறைபனி எட்டாத ஆழத்தில். எவ்வளவு சுற்றினாலும் முடிவில் வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது. மறுமுனையில் கெர்லிண்ட குறுக்கிட்டாள்.

"இப்ப யார் முதல்ல வெளியே வருவாங்க?"

"ரோஸ்விதா."

"அவங்க அங்க இருக்காங்களா? போனக் குடு."

ரோஸ்விதா போனை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனார். "ஆமா... ஆமா, ரெண்டு சீட்டுதான்... இல்ல, நானும் இத்தாலிக்குப் போகத்தான் நினைச்சிருந்தேன், தனியாப் போறதுக்கு அலுப்பாத்தான் இருந்துச்சு... பிரென்னர் கணவாய் வழியாவே போவோம், கூரையத் திறந்துவிட்டு..." பிறகு இரண்டு பெண்களும் சிரிக்கிற சத்தம், ஒன்று நேரிலும் ஒன்று போனிலுமாகக் கேட்டது. ஹார்ட்மூட் பேட்டரியைத் தூக்கினார், கீழே வைத்தார், மறுபடி தூக்கினார்.

"எல்லாம் முடிவாயிடுச்சு" என்று ரோஸ்விதா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கெர்லிண்ட, நான்..."

"இங்க பாரு ஹார்ட்மூட். என் பிறந்தநாளுக்கு நீ கட்டாயம் வரணும். நாங்க ரெண்டாந்தேதி ஏழு மணிக்குக் கிளம்பறோம். உனக்கு ஆறு மணிக்கு ரயில் இருக்கு. மூணு எடத்துல மாறணும்."

"விளம்பரம்?" என்றார் அவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

"என்ன விளம்பரம்? மே வரைக்கும் கார் வெளியவே வராது. எதக் காட்டி விக்கறது?"

மூடிய மரக்கதவை ஹார்ட்மூட் அன்போடு பார்த்தார். இவ்வளவு உறுதியான கதவை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்று தோன்றியது.

"அப்புறம் ஒரு விஷயம்" என்றாள் கெர்லிண்ட. "ரோஸ்விதா கார்ல சாமான் வைக்க எடமே இல்லையாம். பெட்டிய நீ ரயில்ல எடுத்துட்டு வந்துடு."

"எத்தனை பெட்டி?"

"அவங்களோடதையும் சேர்த்தா?"

"சேர்த்து."

"நாலு."